ஆர்பிஎன் படிக்கலாமா?

"அக்கா, பிஎஸ்டபிள்யூ வேலையில் இருக்கிறேன், ஆர்பிஎன் படிக்கலாமா?" ரொறன்ரோவின் ஸ்காபரோ பிள்ளைகள் அடிக்கடி கேட்பது. பிஎஸ்டபிள்யூ என்றால் முதியவர்களையும் நோயாளிகளையும் பராமரிக்கும் உதவியாளர்; ஆர்பிஎன் என்றால் பதிவுபெற்ற ஒரு வகை நர்ஸ் (Registered Practical Nurse). தாராளமாகப் படியுங்கோ. ஒன்ராறியோவில் அது இரண்டு வருட டிப்ளோமா. கனடாவின் பல மாகாணங்களில் இதே வேலைக்கு எல்பிஎன் என்று பெயர்.

ஆனால் சம்பளம் கூடும் என்று மட்டும் நினைத்து வராதீர்கள். பிரஷர் குளிசை கையில் இருக்கும், ஆச்சியின் பிரஷர் 92க்கு இறங்கியிருக்கும். கொடுப்பதா, நிறுத்திவிட்டு டொக்டருக்குச் சொல்வதா? பிஎஸ்டபிள்யூவாக இருந்தபோது நர்ஸைக் கூப்பிட்டால் போதும். இப்போது அந்த நர்ஸ் நீங்கள்தான். படிப்பின் கஷ்டமே அங்கேதான் இருக்கிறது, மற்றதெல்லாம் பாடமாக்கலாம்.

படித்து முடித்ததும் ஆர்பிஎன் ஆகப் பதிவு பெற எழுதும் ரெக்ஸ்-பிஎன் சோதனை, 2022 ஜனவரியில் வந்தது. சரியாக விடை சொல்லச் சொல்லக் கணினி கடினமான கேள்வியாகத் தரும், அதைப் பார்த்துப் பதறாதீர்கள். அப்புறம் அடுத்த படியான ஆர்என் (Registered Nurse) ஆக விருப்பமென்றால், பிரிட்ஜிங் என்ற இணைப்புப் படிப்பு வழியாகப் பட்டம் எடுத்து, ஆர்என்னுக்கான என்கிளெக்ஸ் சோதனை எழுதலாம். வேலையும் வீட்டு மோர்ட்கேஜும் இருக்கிறவர்களுக்கு இந்தப் படிப்படியான பாதைதான் சரி என்பேன்.

காசு கட்டுமுன் ஒன்று: அந்தப் படிப்புக்கு ஒன்ராறியோ தாதியர் ஒழுங்குமுறை அமைப்பின் அங்கீகாரம் இருக்கிறதா என்று அவர்களின் பட்டியலில் நீங்களே பாருங்கள். விளம்பரத்தை நம்ப வேண்டாம்.