தட்டாதெருச் சந்தி

சமூகக்கல்வி மாஸ்ரர் கடந்த கார்த்திகையில் சுண்டுக்குளியிலுள்ள தமது வீட்டில் காலமானார் என்ற செய்தி நமது பழைய மாணவர் வாட்ஸ்அப் குழுவுக்கு வந்தபோது ரொறன்ரோவில் இன்னும் விடிந்திருக்கவில்லை. விடிவதற்குள் சிட்னி, லண்டன், ஒஸ்லோ என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்துவிட்டன. அவருடைய றலி சைக்கிளையும், சட்டைப் பையில் சிவப்பு, நீலம் என்று இரண்டு பேனைகள் இருந்ததையும், வெண்கட்டித் துண்டு குறி தவறாமல் வந்து விழும் விதத்தையும் பலர் நினைவுகூர்ந்தார்கள். அவர் படிப்பித்தது என்ன என்பதை மட்டும் ஒருவரும் எழுதவில்லை. நமது சங்கத்தின் ஆண்டு மலர்க் குழுவினர் என்னிடம் கட்டுரை கேட்டதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். அவருடைய பெயரை இங்கே எழுதப் போவதில்லை. இம்மலரை விரிக்கிறவர்களுக்கு “றோட்டு மாஸ்ரர்” என்றால் போதும்.

சமூகக்கல்வி என்ற பாடமே அப்போது புதிது. சரித்திரத்தையும் புவியியலையும் குடியியலையும் ஒன்றாகப் போட்டுப் பிசைந்து ஒரு புத்தகமாகத் தந்திருந்தார்கள். மாஸ்ரர் அந்தப் புத்தகத்தைத் தவணையின் முதல் பாதியிலேயே ஓட்டி முடித்துவிட்டு, மிகுதிப் பாதியில் யாழ்ப்பாணப் பட்டினத்தின் தெருக்களை எடுத்துக்கொள்வார். பரீட்சைக்கு வராது என்று தெரிந்தும் நாங்கள் கவனித்ததற்குக் காரணம் அறிவுத் தாகம் அல்ல. நாலாம் பாடம் அதிபருடையது. அதற்கு முன்னுள்ள நாற்பது நிமிடம் எங்களுக்கு எவ்வளவு அருமையானது என்பதை நமது ஆட்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

“பெயர் வைக்கிறவன் எங்கே நிற்கிறான் எண்டு முதலில் பாருங்கோ” என்பதுதான் அவருடைய தொடக்கம். கண்டி வீதி, பருத்தித்துறை வீதி, பலாலி வீதி, காங்கேசன்துறை வீதி, மானிப்பாய் வீதி ஆகியவை எல்லாம் பட்டினத்தை விட்டு வெளிக்கிடுகிறவன் வைத்த பெயர்கள் என்பார். காங்கேசன்துறையில் இருக்கிறவனுக்கு அது யாழ்ப்பாணம் போகிற றோட்டு; பட்டினத்தானுக்குத்தான் அது காங்கேசன்துறை வீதி. அந்தத் துறைக்குப் பெயர் தந்த காங்கேயன் முருகன் என்பதையும், மாவிட்டபுரத்துக் கோவிலுக்கான விக்கிரகம் கடல் வழியாக வந்து அங்கே இறங்கியது என்ற ஐதீகத்தையும் சொல்லி, அதே மூச்சில் பருத்தித்துறைக்குத் தாவுவார். பருத்தி ஏற்றிய துறையாக எங்களுக்கு இருந்த இடம் போர்த்துக்கேயருக்குப் பாறைகள் நிறைந்த முனையாகத் தெரிந்தது. அவர்கள் சொன்ன “பெட்றாஸ்” என்ற கற்கள் பின்னாளில் “பெட்றோ” என்ற ஆளாகிவிட்டன. அந்தப் பெட்றோ எந்தக் கப்பலில் வந்த தளபதி என்று பரீட்சைத் தாளில் எழுதி வைத்த எங்கள் மூத்த மாணவர் ஒருவரைப் பற்றி ஆண்டுதோறும் தவறாமல் சொல்லிச் சிரிப்பார்.

வெளிக்கிடுகிறவர்களின் பெயர்களைவிட நிற்கிறவர்களின் பெயர்களில்தான் அவருக்கு ருசி அதிகம். வேம்படி, அரசடி, நீராவியடி, சிவன் கோவிலடி, கச்சேரியடி என்று நமது பட்டினம் முழுவதும் எதாவது ஒன்றின் அடியில்தான் நிற்கிறது. 1949இல் மாநகரசபையான பட்டினத்தில் தகரப் பலகையில் எழுதி மாட்டிய பெயர் ஒன்றாக இருக்கும்; பஸ் நடத்துநர் கூவும் பெயர் வேறொன்றாக இருக்கும். விக்ரோறியா வீதி மகாராணிக்காகப் பெயரிடப்பட்டது. மணிக்கூட்டுக் கோபுர வீதி, 1875இல் வேல்ஸ் இளவரசர் இலங்கைக்கு வந்ததை நினைவுகூரக் கட்டிய கோபுரத்தால் பெயர் பெற்றது. ஆனால் ஒருவரும் “விக்ரோறியாவிலை இறக்கி விடுங்கோ” என்று கேட்டதில்லை, ஆஸ்பத்திரிப் பின்பக்கம் என்றுதான் கேட்பார்கள் என்பார். ஆளுகிறவன் வைத்த பெயர்களில் சனங்களின் வாயில் உண்மையாகவே ஏறியது நாவலர் வீதி என்றும், நாவலர் எந்த நாட்டையும் ஆளவில்லை என்றும் ஒரு முறை சொன்னார். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியவரின் பெயர் அவ்வளவு இயல்பாகத் தெருவில் பதிந்துவிட்டது. அந்த வண்ணார்பண்ணையையே நமது பெரியவர்கள் கலியாண அழைப்பிதழ்களில் “வண்ணை” என்று சுருக்கி அச்சடிப்பதன் இரகசியத்தை மட்டும் அவர் அந்த வகுப்பில் சொல்லவில்லை. அதற்கு அவருக்கு நான் தேவைப்பட்டேன்.

1974ஆம் ஆண்டு, எட்டாம் வகுப்பு. பரமேஸ்வராக் கல்லூரிக் கட்டடங்களில் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் தொடங்கப் போகிறது என்று ஊர் முழுவதும் பேசிக்கொண்டிருந்த காலம். ஒவ்வொருவராக எழுந்து தாம் வசிக்கும் தெருவின் பெயரையும் அதன் காரணத்தையும் சொல்ல வேண்டும் என்று மாஸ்ரர் கட்டளையிட்டார். இராசாவின் தோட்டத்திலிருந்து வந்தவன் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னான். “இராசா போய் முந்நூற்றைம்பது வருஷமாச்சு, தோட்டத்திலை ஒரு மாமரமாவது மிச்சம் இருக்குதோ?” என்று மாஸ்ரர் கேட்க வகுப்பு சிரித்தது; அவனும் சிரித்தான். அரச வம்சத்துக்கு அந்தச் சிரிப்பு உறைக்காது. பிரதான வீதிக்காரனிடம், அவனுடைய பாட்டி அந்தப் பகுதியை எப்படிச் சொல்லுவா என்று கேட்டார். “பறங்கித் தெரு, சேர்.” ஒல்லாந்தரின் வழிவந்த பறங்கியர் அவுஸ்திரேலியாவுக்கும் கொழும்புக்கும் போய்ப் பெரும்பாலும் முடிந்துவிட்ட காலம் அது. “ஆள் போனாலும் தெரு போகாது” என்றார் மாஸ்ரர். அது எங்களில் யாருக்கும் பெரிய வசனமாகப் படவில்லை. என் வாங்கில் இருந்த நண்பன் “ஐந்துசந்தி” என்றான். அது எந்தத் தெருவுக்குள் என்று அவர் தூண்டவில்லை. சோனகத்தெரு என்பது அவன் தொப்பியிலேயே எழுதியிருந்தது போல் கடந்து போனார்.

என்னுடைய முறை வந்தபோது “கே.கே.எஸ். வீதி, சேர்” என்று காங்கேசன்துறை வீதியைச் சொன்னேன்.

“அது பத்து மைலுக்கு மேலை போகுது. எவடத்திலை?”

“சிவன் கோவிலடிக்கு அங்காலை, சேர்.”

“அங்காலை எண்டால்? சந்திக்குப் பெயர் இல்லையோ?”

இருந்தது. நான் அதை வாய்க்குள் வைத்துக்கொண்டு நின்றேன். பின் வாங்கிலிருந்து யாரோ அடிமட்டத்தின் விளிம்பால் மேசையில் மெதுவாகத் தட்டத் தொடங்கினார். டிக், டிக், டிக். சுத்தியல் பொன்னில் விழும் அதே கால அளவு. எங்கள் வீட்டுப் பட்டறையில் கேட்டிருக்காவிட்டால் அவ்வளவு சரியாகத் தட்டியிருக்க முடியாது. ஆக, வாடிக்கையாளர் வீட்டுப் பிள்ளை. வகுப்பு முழுவதும் சிரித்தது. மாஸ்ரர் அவரை அதட்டவில்லை. கரும்பலகைக்குத் திரும்பி, பெரிய எழுத்தில் “தட்டார் தெரு” என்று எழுதிவிட்டு, பட்டறையில் என்னென்ன ஆயுதங்கள் இருக்கும் என்று என்னைக் கேட்டார். ஊதுகுழல், குறடு, சாமணம், கம்பியச்சு, உரைகல், உமியோடு என்று நான் சொல்லச் சொல்ல அவர் ஒவ்வொன்றாக எழுதினார். கன்னாதிட்டி பாத்திரம் செய்த கன்னாருடையது, வண்ணார்பண்ணை வண்ணாருடையது, தட்டாதெரு எங்களுடையது. பட்டினம் யாருடைய கையால் நடந்தது என்று தெரிய வேண்டுமானால் கவர்னர்மாரின் பெயர்களை விட்டுவிட்டு இவற்றைப் படியுங்கள் என்று விளக்கினார். இன்று நினைத்தால் அது அவருடைய மிகச் சிறந்த வகுப்பு. அன்று எனக்கு அது சபை நடுவே நிறுத்தி முகவரியை உரித்துக் காட்டிய வகுப்பு. க.பொ.த. முடியும்வரை நான் “டிக்டிக்” ஆகவே இருந்தேன். இந்த மலரை வாசிக்கிறவர்களிலும் சிலர் என்னை வேறு பெயரால் அறியமாட்டார்கள்.

அவர் தவறு செய்துவிட்டதாக உணர்ந்தாரா என்று எனக்குச் சொல்லத் தெரியாது. மன்னிப்புக் கேட்கும் வழக்கம் அந்தத் தலைமுறை ஆசிரியர்களிடம் இருக்கவில்லை. அடுத்த கிழமை, அறுந்துபோன ஒரு மெல்லிய சங்கிலியைப் பற்ற வைக்க எங்கள் பட்டறைக்கு வந்தார். திண்ணையில் இருந்து, அப்பா உமித்தணலில் ஊதுகுழலை வைத்து, கன்னத்தை உப்பியும் சுருக்கியும் ஒரே சீராக ஊதுவதைப் பார்த்தபடி, இந்தத் தெருவுக்கு நீங்கள் என்ன பெயர் சொல்லுவீர்கள் என்று கேட்டார். அப்பா ஊதி முடித்து, சங்கிலியைத் தண்ணீரில் போட்ட பிறகுதான் பதில் சொன்னார்: “நாங்கள் வீடு எண்டுதான் சொல்லுறது. தட்டாதெரு எண்டது தாலி செய்விக்க வாற ஆக்கள் வைச்ச பேர்.” மாஸ்ரர் சிவப்புப் பேனையை எடுத்து ஒரு கொப்பியில் குறித்துக்கொண்டார். பற்றவைத்ததற்கு அப்பா காசு வாங்கவில்லை.

தமது மூன்று மாத வகுப்பிலும் மாஸ்ரர் சொல்லாத ஒன்றை அப்பா சொல்லிவிட்டார் என்பது எனக்கு விளங்க வெகுகாலம் எடுத்தது. சோனகர் தெரு, பறங்கித் தெரு, தட்டார் தெரு என்பவை எல்லாம் உள்ளே இருந்தவர்கள் வைத்தவை அல்ல. அலுவலாக உள்ளே வந்து, அலுவல் முடிந்ததும் வெளியே போனவர்கள் வைத்தவை. உள்ளே இருந்தவர்கள் போன பிறகும் அவை ஒட்டிக்கொண்டிருப்பது அதனால்தானோ என்னவோ.

நான் 1984இல் கண்டி வீதியால் வெளிக்கிட்டேன். 1990 ஐப்பசி இறுதியில் சோனகத்தெருவிலிருந்த அத்தனை முஸ்லிம் குடும்பங்களையும் சில மணி நேர அவகாசத்தில் புலிகள் வெளியேற்றினார்கள். என் வாங்கு நண்பனின் குடும்பமும் பெரும்பாலானோரைப் போலப் புத்தளத்துக்குப் போனது. அப்போது நான் ஸ்காபரோவில் இருந்தேன். எங்கள் சங்கத்தின் அந்த ஆண்டு மலரில் “பிக் மட்ச்” என்ற பள்ளிக் கிரிக்கெட் ஆட்டத்தைப் பற்றி மூன்று கட்டுரைகள் இருந்தன. இதைப் பற்றி ஒரு வரி இல்லை. 2011இல் ஊருக்குப் போனபோது ஐந்துசந்தியில் கூரையில்லாத சுவர்களுக்குள் மரங்கள் வளர்ந்திருந்தன. வழி கேட்டபோது இளைஞன் ஒருவன் “சோனகத்தெருவாலை நேரை போங்கோ” என்றான். தட்டாதெருச் சந்தியிலும் சத்தம் இல்லை. பட்டறைகள் கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளுக்கும் வெளிநாடுகளுக்கும் போய்விட்டன. பஸ் மட்டும் இன்னும் அந்தப் பெயரில் நிற்கிறது.

இங்கே ரொறன்ரோவில் எனக்கு வாய்த்த வேலை தபால் பிரிப்பது. தெருப் பெயர்களைப் பார்த்துப் பார்த்தே ஓய்வூதியம் வரை வந்துவிட்டேன். ஃபிஞ்ச் அவெனியூவுக்கும் ஸ்டீல்ஸ் அவெனியூவுக்கும் பெயர் தந்தவர்கள் யங் வீதிச் சந்திகளில் விடுதி நடத்தியவர்கள் என்று அறிந்த அன்று, வெகுகாலத்துக்குப் பிறகு மாஸ்ரருக்குக் கடிதம் எழுதினேன். மெல்லிய நீல விமானக் கடிதத்தில் பதில் வந்தது: “அவையும் சத்திரத்துச் சந்திகளே. ஆயினும் அங்கே தங்கிப் போனவர்கள் எவர், எங்கே போனார்கள் என்று நீர் எழுதவில்லை.” எழுத்துப் பிழை ஒன்றைச் சிவப்பில் திருத்தி என் கடிதத்தின் அந்தப் பகுதியையும் வெட்டி உள்ளே வைத்திருந்தார். பிற்பாடு மார்க்கம் நகரில் வன்னி அவெனியூ என்று ஒரு தெருவுக்குப் பெயர் வைத்தபோதும் எழுதினேன். அதற்கு அவருடைய பதில் இரண்டு வரிதான்: பெயர் நன்று, வன்னியிலிருந்து வந்தவர் எவரேனும் அத்தெருவில் வசிக்கிறார்களா?

நான் போய்ப் பார்க்கவில்லை. அங்கே வீடு வாங்குகிற வசதி எனக்கு இருக்கவில்லை என்பது வேறு விஷயம். திரும்பிப் போய் ஊரில் இருந்திருந்தால் அவருடைய கேள்விகளில் பாதிக்காவது நடந்தே விடை கண்டிருப்பேன் என்று அந்தக் கடிதங்களை வாசிக்கும்போதெல்லாம் தோன்றும். கண்டி வீதி கண்டியிலிருந்து பார்த்தால் யாழ்ப்பாண வீதிதான். அதில் திரும்பி வருகிறவர்களும் உண்டு. ஆனால் பிள்ளைகள், கடன், பனிக்காலம், பிறகு பேரப்பிள்ளைகள் என்று வருடங்கள் போய்விட்டன. அப்பாவின் செத்தவீட்டுக்குக்கூட என்னால் போய்ச் சேர முடியவில்லை.

மாஸ்ரரின் கொப்பி இப்போது அவருடைய மகளிடம் இருக்கிறது. கேட்டதும் பக்கம் பக்கமாகப் படம் பிடித்து அனுப்பி வைத்தார். அவருக்கு நமது சங்கத்தின் சார்பில் நன்றி. வேம்படிக்கும் பறங்கித் தெருவுக்கும் பல பக்கங்கள் நிறைந்திருக்கின்றன. தட்டாதெரு என்ற தலைப்பின் கீழ், ஆயுதங்களின் பட்டியலுக்குப் பிறகு, “இப்பெயர் தாலி செய்விக்க வருவோர் இட்டது, வசிப்போர் வீடு என்றே கூறுவர்” என்று சிவப்பு மையில் இருக்கிறது. சொன்னவர் யார் என்ற இடத்தில் என் அப்பாவின் முழுப் பெயரும், அதன் முன்னால் ஒரு “திரு.”வும் இருக்கின்றன. எங்கள் வீட்டுக்கு வந்த கடிதங்களில்கூட அந்தத் “திரு.”வை நான் அதிகம் கண்டதில்லை.

மிகுதிப் பக்கங்களில் பல, தலைப்போடு நின்றுவிட்டன. பெரும்பாலும் ஒழுங்கைகள், பலகையில் எண்ணோ எழுத்தோ இல்லாமல், அங்கே வாழ்ந்தவர்களின் பேச்சில் மட்டும் இருந்தவை. அந்தப் பக்கங்களின் பிரதிகளைச் சங்கச் செயலாளரிடம் ஒப்படைத்திருக்கிறேன். உங்கள் ஒழுங்கைக்கு ஊர் என்ன பெயர் சொன்னது, யார் வந்து போனார்கள், வேலியோரத்தில் என்ன மரம் நின்றது என்பதை, சாதி ஒட்டியிருந்தாலும் சுருக்காமல், அவருக்கு எழுதி அனுப்புங்கள். அன்று பின் வாங்கிலிருந்து அடிமட்டத்தால் தட்டியவரும் இம்மலரைத் தவறாமல் வாங்குகிறவர் என்பது எனக்குத் தெரியும். அவர் பிறந்த ஒழுங்கையின் பக்கமும் வெறுமையாகத்தான் இருக்கிறது.