கீலின் பதம்: ஆறு அங்குல ஆடி, மூன்றாவது முயற்சி

தொலைநோக்கிக்காக நானே தேய்க்கும் ஆடியில் விளிம்புச் சரிவு (ஓரம் மட்டும் கூடுதலாகத் தேய்ந்து தாழ்வது) போய்விட்டது! ஆடியில் பட்டுத் திரும்பும் ஒளியைக் கத்தி முனையால் மறைத்து வடிவம் பார்ப்பது ஃபூக்கோ சோதனை. நேற்று அதிகாலை அதில் கத்தி முனையை நகர்த்தியபோது, ஆடியின் இரு ஓரங்களிலும் மயிரிழை போன்ற ஒளிக்கோடு சமமாக நின்றது. இதைப் பார்க்க இரண்டு மாதம் ஆயிற்று.

எஃப்/8 ஆடி, அதாவது குவியத் தூரம் விட்டத்தைப்போல் எட்டு மடங்கு. கார்பொரண்டம் 80 என்ற கரடான பொடியில் தொடங்கிய தேய்ப்பு சிக்கலின்றி முடிந்தது, குழிவு 1.2 மில்லிமீட்டர். மெருகேற்றத் தொடங்கியதும்தான் வேலூர் வெயில் வேலையைக் காட்டியது. சத்துவாச்சாரியில் எங்கள் மாடி அறை மே மாத மதியத்தில் 38 டிகிரி. மெருகேற்றும் கீல் (தார் போன்ற பிசின்) வட்டில் வெட்டிய வாய்க்கால்கள் இருபது நிமிடத்தில் மூடிக்கொண்டன. இளகிய கீல் ஓரத்தை அணைத்துக்கொண்டு அங்கேயே அதிகம் தேய்த்தது. குளிர்ப் பிரதேசத்துக்குக் காய்ச்சிய கீல் அது. விற்றவர் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அந்தக் கோபம் இன்னும் தீரவில்லை.

வழி சொன்னவர் லாங் பஜாரில் நகை வேலை செய்யும் பத்தர். "வெயில் காலத்தில் எங்கள் அரக்கும் இளகத்தான் செய்யும், சார். ஆண்டு முழுக்க ஒரே பதம் ஆகுமா?" என்றார்.

கீலை உருக்கி, அதைக் கெட்டியாக்க ரோசின் சேர்த்தேன். வயலின் வில்லுக்குத் தேய்க்கும் அதே ரோசின்தான். அதிரசப் பாகுக்குப் பார்ப்பதுபோல் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டேன். தண்ணீர் அறையின் சூட்டிலேயே இருக்க வேண்டும். குளிர்ந்த நீர் ஏமாற்றிவிடும். பத்து நிமிடம் கழித்துக் கட்டைவிரல் நகத்தை அழுத்தினால் தடம் மெல்ல விழ வேண்டும். சட்டென்று பதிந்தால் இன்னும் ரோசின். சில்லாக உடைந்தால் சில துளி டர்பன்டைன், அதுவும் அடுப்பை அணைத்த பிறகு. ஐந்தாவது சொட்டில் பதம் வந்தது. பகலெல்லாம் ஆய்வகத்தில் 37 டிகிரியில் பாக்டீரியா வளர்ப்பவன் நான். கீலுக்கும் ஒரு வெப்பமானி வைத்தேன். காலை நான்கிலிருந்து ஆறு வரை மட்டுமே தேய்க்கிறேன்.

இனி பரவளையம், விண்மீன் ஒளியை ஒரே புள்ளியில் குவிக்கும் வடிவம். இப்போது கோளமாக இருக்கும் ஆடியில், நடுவுக்கும் விளிம்புக்கும் இடையே சோதனைக் கத்தி 2.4 மில்லிமீட்டர் நகரும்படி செய்ய வேண்டும். அலுமினியப் பூச்சுக்குச் சென்னையிலும் பெங்களூரிலும் விசாரிக்கிறேன். மெருகுப் பொடியான சீரியம் ஆக்சைடு போதுமான அளவு இருக்கிறது.

முதலில் எதைப் பார்ப்பது என்று முடிவு செய்துவிட்டேன்: யுரேனஸ். இசைக் கலைஞராக வாழ்ந்துகொண்டே வில்லியம் ஹெர்ஷல் 1781இல் அதைக் கண்டது, தாமே தேய்த்த ஆறு அங்குலச் சொச்ச ஆடியால். 1977 மார்ச் 10 அன்று அதன் வளையங்கள் ஒரு விண்மீனை மறைத்ததைப் பதிவு செய்த இடங்களில் ஒன்று நம் பழைய வட ஆற்காட்டின் காவலூர் வானாய்வகம். என் ஆடியில் வளையம் தெரியாது. பச்சைப் பொட்டு தெரியும். குழலுக்கு பைப் பார்க்க ஞாயிற்றுக்கிழமை காட்பாடி போகிறேன்.