ஒரே பெட்டியில் விசிறியும் குரங்குக் குல்லாவும்

மூன்று வருஷத்துக்கு முன்னால், மே மாதக் கடைசியில் ஒரு நீண்ட வார இறுதி கிடைத்ததே என்று கலிபோர்னியாவின் டெத் வேலிப் பாலைவனத்துக்குக் கிளம்பிப் போய்ப் பட்ட பாடு போதும். காரிலிருந்து இறங்கினால் காய்ந்த தோசைக்கல்லுக்கு மேல் முகத்தை நீட்டின மாதிரி அனல். சென்னை வெயில் மாதிரி வேர்வை வழியாது, வேர்ப்பது நமக்குத் தெரிவதற்குள்ளேயே காய்ந்துவிடும், அதனால் தண்ணீர் குடிக்கத் தோன்றாது, சாயங்காலம் தலைவலி வந்த பிறகுதான் புத்தி வரும். போதாக்குறைக்கு போனில் வழி சொன்ன குரலை நம்பி ஒரு மண்சாலையில் திரும்பி, டயர் பஞ்சராகி, சிக்னல் இல்லாமல் இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். ஒரு பிக்கப் டிரக் வந்தது, பிழைத்தோம்.

பாலைக்குப் பெரும்பொழுது வேனில் என்பது மட்டும் பள்ளிக்கூடத்திலிருந்து மனதில் நிற்கிறது. பின்பனியும் பாலைக்கு உரியதுதான் என்று கூடவே படித்தது மறந்துவிட்டது. இந்த முறை மார்ச் முதல் பாதியில் போகிறோம். மாசி, அதாவது அசல் பின்பனி. ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கிறார்கள், ஏப்ரலில் திரும்பிவிடுவார்கள் என்பதால் வேறு வழியும் இல்லை.

திட்டம் போட உட்கார்ந்ததும் முதல் அடி டியோகா கணவாய். நாங்கள் இருக்கும் சான் ஹோசேயிலிருந்து வரைபடத்தில் பார்த்தால் நேர் கிழக்கே யோசெமிட்டி வழியாக சியரா நெவாடாவைத் தாண்டிவிடலாம் போலத்தான் இருக்கும். ஆனால் 9,943 அடி உயரத்தில் இருக்கும் அந்தச் சாலை நவம்பர் வாக்கில் பனியால் மூடினால் மே கடைசியோ ஜூனோ ஆகும் திறக்க. வடக்கே சோனோரா, எப்பெட்ஸ் கணவாய்களும் அப்படித்தான். ஆக, தெற்கே பேக்கர்ஸ்ஃபீல்டு போய், தெஹச்சப்பி மலையில் ஏறி இறங்கி, மொஹாவி பாலைவனத்தின் ஓரமாக 395-ஆம் நெடுஞ்சாலையைப் பிடித்து வடக்கே வர வேண்டும். மலையின் வாலைச் சுற்றிக்கொண்டு மறுபக்கம் போகிற கதை. லோன் பைன் ஊர் வரை 400 மைலுக்கு மேல், அப்பா அம்மாவை வைத்துக்கொண்டு ஒரே நாளில் அதற்கு மேல் ஓட்ட முடியாது என்று முதல் இரவு அங்கேயே தங்குகிறோம்.

லோன் பைனில் தங்குவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மோட்டல் வாசலிலிருந்தே விட்னி சிகரம் தெரியும், 14,505 அடி, அலாஸ்காவையும் ஹவாயையும் விட்டுவிட்டால் அமெரிக்காவிலேயே உயரமானது. அங்கிருந்து காகம் பறக்கிற கணக்கில் 85 மைல் தள்ளி டெத் வேலிக்குள் இருக்கும் பேட்வாட்டர், கடல் மட்டத்துக்கு 282 அடி கீழே, வட அமெரிக்காவிலேயே தாழ்வான இடம். இந்தப் பக்கத்து உயரத்துக்கும் அந்தப் பக்கத்து வறட்சிக்கும் சம்பந்தம் உண்டு. பசிபிக்கிலிருந்து வரும் ஈரத்தையெல்லாம் சியரா தன் மேற்குச் சரிவிலேயே பிழிந்துகொள்கிறது, மிச்சம் மீதியை நடுவில் இருக்கும் மற்ற மலைகள் பார்த்துக்கொள்கின்றன, டெத் வேலிக்கு வந்து சேருவது வருஷத்துக்கு இரண்டு அங்குலம்தான். நம் பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை கேரளாவுக்கு மழையைக் கொடுத்துவிட்டு நம்மைக் காயப்போடுகிற அதே வேலை, இங்கே கொஞ்சம் கொடூரமாக.

இதை அம்மாவிடம் விளக்கினேன். "அப்ப தென்காசிக்கு இந்தப் பக்கம் மாதிரின்னு சொல்லு" என்றார். சரிதான்.

மார்ச்சில் பெட்டி கட்டுவதுதான் பெரிய தலைவலி. பள்ளத்தாக்கின் அடியில் பகலில் 28 டிகிரி இருக்கும், ஊரில் மார்கழி மத்தியானம் மாதிரி. ஆனால் அதே பேட்வாட்டருக்கு நேர் மேலே, 5,475 அடி உயரத்தில் இருக்கும் டான்டேஸ் வியூவுக்குக் காரில் ஏறினால் 10 டிகிரிக்கு மேல் குறைந்துவிடும், காற்றும் அடித்தால் பல் கிட்டும். எதிரே டெலஸ்கோப் பீக் உச்சியில் பனி கிடக்கும், கீழே உப்பு வெள்ளையாகக் கிடக்கும். அதனால் இந்தத் தடவை நான் அட்டவணையை மைல் கணக்கில் போடாமல் உயரக் கணக்கில் போட்டிருக்கிறேன். காலையில் கீழே, வெயில் ஏறினால் மேலே, அவ்வளவுதான். பேட்வாட்டரில் அம்மாவுக்குக் காட்ட ஒன்று வைத்திருக்கிறேன். உப்புத் தரையில் நின்று திரும்பிப் பார்த்தால், கார் நிறுத்துமிடத்துக்குப் பின்னால் இருக்கும் செங்குத்துப் பாறையில், கழுத்து வலிக்கிற உயரத்தில், 'கடல் மட்டம்' என்று ஒரு சின்னப் பலகை பதித்திருப்பார்கள். போன முறை அந்த வெயிலிலும் அதைப் பார்த்துவிட்டு ஒரு நிமிஷம் மூச்சை அடக்கிக்கொண்டேன், எதற்கென்று தெரியாமலே.

பூ பூக்குமா என்று எல்லோரும் கேட்கிறார்கள். 1998, 2005, 2016 மாதிரி பள்ளத்தாக்கே மஞ்சளாகிற வருஷங்கள் அபூர்வம். விதை மேல் முளைப்பைத் தடுக்கும் ஒரு பூச்சு உண்டு, அது கரைய இலையுதிர் காலத்திலேயே நன்றாக ஒரு மழை வேண்டும், பிறகு குளிர்காலம் முழுக்க விட்டு விட்டுத் தூற வேண்டும், கடைசியில் வெப்பக்காற்று வந்து கெடுக்காமல் இருக்க வேண்டும். இத்தனைக்கும் பூவை நம்பி ரூம் போட்டால் நம்மைச் சொல்ல வேண்டும். சாலையோரம் நாலு டெசர்ட் கோல்டு பூச்செடி நின்றாலும் எனக்குப் போதும். ஏரியும் இப்படித்தான். 2023 ஆகஸ்டில் ஹிலரி புயல் ஒரே நாளில் 2.2 அங்குலம் கொட்ட, பேட்வாட்டரில் வற்றிக் கிடந்த மேன்லி ஏரி மறுபடி தோன்றியது, அடுத்த பிப்ரவரி மழையில் இன்னும் நிரம்பிப் படகெல்லாம் விட்டார்கள். அப்போது போகாமல் வீட்டில் உட்கார்ந்திருந்தது இன்னும் உறுத்துகிறது.

தேதியை அமாவாசையை ஒட்டி வைத்திருக்கிறோம். "நிலா இல்லாட்டிதான் அத்தை நட்சத்திரம் நல்லாத் தெரியும்" என்று இவர் சொல்ல, அம்மா "நிறைஞ்ச நாள் மாப்பிள்ளை, தாராளமாக் கிளம்பலாம்" என்று அனுமதி கொடுத்துவிட்டார். ஒரே குழப்பம், மார்ச் இரண்டாம் ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளுவார்கள், அது நம் பயணத்துக்கு நடுவில் விழுகிறது. முதல் நாள் ஆறு மணிக்கு உதித்த சூரியன் மறுநாள் ஏழுக்கு வரும். சூரியோதயம் பார்க்க சப்ரிஸ்கி பாயின்ட்டில் இருட்டில் போய் நின்று குளிரில் நடுங்குகிறவர்களில் பாதிப்பேர் இதை மறந்தவர்களாகத்தான் இருக்கும்.

மற்றபடி சில்லறை விஷயங்கள். பெட்ரோலை லோன் பைனிலேயே ரொப்பிவிட வேண்டும், உள்ளே விலை கண்ணைக் கட்டும். நுழைவுக் கட்டணம் காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும், ரொக்கம் வாங்கமாட்டார்கள். ஆளுக்கு நாளைக்கு நாலு லிட்டர் தண்ணீர். வரைபடத்தை முன்கூட்டியே போனில் இறக்கிக்கொள்வது, கூடவே ஒரு காகித வரைபடமும். முதல் நாளுக்குப் புளியோதரை, அதற்கப்புறம் மோட்டல் அறையில் சின்ன குக்கர்.

அப்பாவுக்கு மலையும் மணலும் ஒன்றுதான், அவர் கேட்டது மான்சனார் மட்டும். லோன் பைனுக்குக் கொஞ்சம் வடக்கே, 1942-லிருந்து 1945 வரை ஜப்பானிய அமெரிக்கர்கள் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை அடைத்து வைத்த முகாம். நான் ஒரு தடவை நின்று பார்த்திருக்கிறேன். காற்று மண்ணை வாரி முகத்தில் இறைக்கிறது, கல்லறையில் ஒரு வெள்ளைத் தூண், பின்னால் அத்தனை அழகான பனிமலை. அடைபட்டவர்கள் அந்த மண்ணில் தோட்டம் போட்டு, குளம் வெட்டி, கல் அடுக்கியிருக்கிறார்கள். அங்கே அரை நாள் என்று ஒதுக்கிவிட்டேன், அதற்காக மணல்மேட்டு அஸ்தமனம் ஒன்று போனாலும் பரவாயில்லை.

வெட்டியெறிந்தது ரேஸ்டிராக். கற்கள் தானாக நகர்ந்து தடம் போடும் இடம். இரவில் உறையும் மெல்லிய ஐஸ் தகடு காலையில் உடைந்து, லேசான காற்றில் கல்லைத் தள்ளுகிறது என்று 2014-இல்தான் கண்ணால் பார்த்து எழுதினார்கள். பார்க்க ஆசைதான். ஆனால் 27 மைல் கரடுமுரடான சாலை, கூர்மையான கல், நம் காருக்கு டயர் தாங்காது, அம்மாவின் முதுகும் தாங்காது.

பெட்டி பாதி கட்டியாகிவிட்டது. அம்மா மேலாக ஒரு பனையோலை விசிறியையும் அப்பாவின் குரங்குக் குல்லாவையும் சேர்த்தே வைத்திருக்கிறார், இத்தனை நாள் நான் விளக்கியது வீண் போகவில்லை. இவர் மட்டும் ராத்திரியில் ரேஸ்டிராக் சாலை நிலவரத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். நான் கவனிக்காத மாதிரி இருக்கிறேன்.