டிரையர் கேட்ட கேள்வி: பந்தலூர் நாட்குறிப்பு

ஜூலை 6

மேலே படிப்பதா, இப்படியே வேலையில் தொடர்வதா என்று இந்த வருடத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். பி.இ. மெக்கானிக்கல் முடித்து இரண்டு வருடமாகப் பந்தலூர் பக்கம் ஒரு தேயிலை ஃபேக்டரியில் மெயின்டனன்ஸ் பார்க்கிறேன். கொழுந்தை நசுக்கிக் கிழித்துச் சுருட்டும் சி.டி.சி. ரோலரைக் கழற்றிப் பல் தீட்டுவது, பேரிங் மாற்றுவது, மோட்டார் எரிந்தால் காயில் கட்ட அனுப்புவது எல்லாம் கைவந்துவிட்டது. இதே வேலையை இன்னும் பத்து வருடம் செய்தாலும் புதிதாக என்ன தெரிந்துகொள்வேன் என்ற யோசனை மட்டும் போகமாட்டேன் என்கிறது. கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் சாஃப்ட்வேர், மீதிப் பேர் ஓசூர், ஸ்ரீபெரும்புதூர். பேசும்போதெல்லாம் “மாஸ்டர்ஸ் பண்ணலையாடா?” என்பார்கள். எதற்காக என்று திருப்பிக் கேட்டால் “சம்பளம் ஏறும்”, “டிசைன் பக்கம் போகலாம்” என்று பொதுவாக ஏதாவது வரும். எனக்கு அது போதவில்லை.

ஜூலை 9

ஜெர்மனியில் படிக்கும் நண்பன் ராத்திரி ரொம்ப நேரம் பேசினான். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் கிடையாது, அது உண்மைதான். ஆனால் விசாவுக்கு முன்பே, ஒரு வருடச் செலவுக்காக மாதாமாதம் மட்டும் எடுக்க விடும் முடக்கக் கணக்கில் 11,904 யூரோ கட்டிக் காட்ட வேண்டும், நம் பணத்தில் பத்து லட்சத்துக்கு மேல். அது போக நம் பட்டத்தைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழ், மொழி வகுப்பு. கடன் வாங்கிப் போகிறவர்களை நான் குறை சொல்லவில்லை, அவன் நன்றாகத்தான் இருக்கிறான். நான் அங்கே போய் என்ன படிக்கப் போகிறேன் என்று அவன் கேட்டபோதுதான் பதில் வரவில்லை.

ஜூலை 17

தேவாலா பக்கம் மழை கொட்டுகிறது. கொழுந்து சொட்டச் சொட்ட வருகிறது, கொழுந்தை வாட்டும் ட்ரஃபில் எவ்வளவு நேரம் காற்று விட்டாலும் வாடல் சரியாக வரவில்லை. அந்த ஈரமெல்லாம் கடைசியில் தூளைக் காயவைக்கும் டிரையர் தலையில்தான் விழுகிறது.

இன்று நைட் ஷிஃப்டில் டிரையர் அண்ணன் கூப்பிட்டார். “தம்பி, அந்த மூலைல தூள் படுத்துக்குது, காத்தைக் கூட்டட்டுமா?” கண்ணாடி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் தூள் கொதிக்கிற மாதிரி துள்ளுகிறது, ஃபீட் விழுகிற முனையில் ஓரமாக ஒரு முழ அகலத்துக்குப் பச்சையும் பழுப்புமாக அசையாமல் கிடக்கிறது. காற்றின் அளவை மாற்றும் டேம்பரைத் திறந்து காற்றைக் கூட்டினோம். மூலை எழுந்தது, ஆனால் மறுமுனையில் காய்ந்த டஸ்ட் எல்லாம் வெளியேறும் காற்றிலிருந்து தூசியைப் பிரிக்கும் சைக்ளோனுக்குப் பறந்தது. குறைத்தால் மறுபடி படுத்துக்கொள்கிறது.

கீழே துளைத் தகடு, அதன் வழியாகச் சூடான காற்று, மேலே மிதக்கும் தூள். மிதக்க வைக்க காற்று எவ்வளவு வேகமாக வர வேண்டும் என்பதை, துகள் படுக்கையில் அழுத்த இழப்புக்கு 1952-ல் எர்குன் கொடுத்த சமன்பாட்டிலிருந்து எடுக்கலாம், துகளின் அளவும் அடர்த்தியும் தெரிந்தால் கணக்குப் போடலாம். சிக்கல் என்னவென்றால் உள்ளே நுழையும்போது கிட்டத்தட்ட 70 சதவீதம் ஈரத்தோடு கனமாக, ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு இருக்கும் தூள், வெளியே வரும்போது 3 சதவீத ஈரத்தில் லேசாகிவிடுகிறது. ஒரே பெட்டிக்குள் இரண்டு வேறு பொருள் இருப்பது போலத்தான். சூட்டைக் குறைத்தால் உள்ளேயே ஃபெர்மென்டேஷன் தொடர்ந்து டீ வெந்துபோன ருசி வரும். கூட்டினால் மேல்தோல் மட்டும் காய்ந்து உள்ளே ஈரம் நின்றுவிடும், மூட்டையில் பூஞ்சை பிடிக்கும். அண்ணன் இதையெல்லாம் கையில் ஒரு பிடி தூளை நசுக்கியே சொல்லிவிடுகிறார். அவர் கைக்குத் தெரிவது ஏன் அப்படி நடக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். விடியும்வரை இதே நினைப்பு.

ஜூலை 19

கணக்குப் போட்டுப் பார்த்தேன். 3 சதவீத ஈரத்தில் ஒரு கிலோ டீ என்றால் காய்ந்த பொருள் 970 கிராம். 70 சதவீத ஈரத்தில் அதன் எடை 3.23 கிலோ. ஆக ஒரு கிலோ டீக்கு 2.23 கிலோ தண்ணீரை ஆவியாக்க வேண்டும், ஆவியாதல் வெப்பம் மட்டும் சுமார் 5,000 கிலோஜூல். நன்றாகக் காய்ந்த விறகில் கிலோவுக்கு 15,000 கிலோஜூல் என்று வைத்துக்கொண்டால் ஒரு கிலோவில் மூன்றில் ஒரு பங்கு விறகு போதும். எங்கள் ஃபேக்டரியில் ஒரு கிலோவுக்கு மேலேயே எரிகிறது. வாடல் ட்ரஃபுக்கும் கொஞ்சம் போகிறது, விறகும் ஈரம், அதெல்லாம் கழித்தாலும் இடைவெளி பெரியது. அந்த வெப்பம் எங்கே போகிறது? புகைபோக்கியில் எவ்வளவு, டிரையரிலிருந்து வெளியேறும் காற்றில் எவ்வளவு, அதில் எவ்வளவைத் திருப்பி எடுக்கலாம்? நீலகிரியில் இப்படி எத்தனை ஃபேக்டரி, எவ்வளவு மரம்!

இந்தக் கேள்விக்காகப் படிக்கலாம் என்று முதல்முறையாகத் தோன்றியது.

ஜூலை 27

வீட்டில் பேசினேன். தாத்தா, மலையகத் தமிழர் குடியுரிமை பற்றி 1964-ல் இந்தியாவும் இலங்கையும் போட்ட சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து வந்து, தமிழக அரசின் தேயிலைக் கழகமான டேன்டீயில் சேர்ந்தவர், அம்மா இன்றும் அங்கேதான் கொழுந்து எடுக்கிறார். கேட் நுழைவுத் தேர்வு எழுதி எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய் உதவித்தொகை வரும், ஆனால் இப்போது வாங்கும் சம்பளம் நின்றுவிடும் என்று மறைக்காமல் சொன்னேன். அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “படிக்கிறதுன்னா படிடா. தங்கச்சி நர்சிங் ஃபீஸ் மட்டும் எப்படின்னு பாத்துக்க” என்றார். அவளுக்கு இன்னும் ஒரு வருடம்தான் பாக்கி.

ஆகஸ்ட் 10

ஞாயிறு முழுக்கப் பாடத்திட்டங்களைப் படித்தேன். உலர்த்துதல் என்ற பாடம் எங்கள் மெக்கானிக்கலில் தனியாக இல்லவே இல்லை, வெப்பப் பரிமாற்றமும், காற்றிலுள்ள ஈரத்தைக் கணக்கிடும் சைக்ரோமெட்ரியும் தொட்டுவிட்டு விட்டுவிடுகிறார்கள். அது கெமிக்கல்காரர்களிடமும் உணவுப் பொறியியலிலும் இருக்கிறது. திருச்சி என்.ஐ.டி.யில் தெர்மல் பவர், காரக்பூர் ஐ.ஐ.டி.யில் வேளாண்மை–உணவுப் பொறியியல் துறை, சென்னை ஐ.ஐ.டி.யில் ஆராய்ச்சி வழி எம்.எஸ். இதில் எம்.எஸ்.தான் மனதுக்கு நெருக்கமாக இருக்கிறது, வகுப்பைவிட ஆய்வுக்கே நேரம் அதிகம். நேர்முகத் தேர்வில் “ஏன் வந்தாய்” என்று கேட்டால் இந்த மூலையில் படுக்கும் தூளைப் பற்றிப் பேசுவேன். கல்லூரிப் பெயரைப் பார்த்து முதலில் சேர்ந்துவிட்டு, அப்புறம் தலைப்புத் தேடுகிறவர்களுக்கு இந்த வரிசையைத் தலைகீழாக்கிப் பார்க்கச் சொல்வேன்.

ஆகஸ்ட் 30

கேட் விண்ணப்பம் போட்டுவிட்டேன். மெக்கானிக்கல் (எம்.இ.) தாள், தேர்வு மையம் கோயம்புத்தூர். பிப்ரவரியில் தேர்வு, 65 கேள்வி, 100 மதிப்பெண், 3 மணி நேரம். மதிப்பெண் மூன்று வருடம் செல்லும் என்பது பெரிய ஆறுதல்: வரும் பிப்ரவரியில் எழுதி, தங்கை படிப்பை முடிக்கும்வரை வேலையில் இருந்து, அடுத்த வருடம் சேரலாம். அதுவரை டிரையரும் கைக்கெட்டும் தூரத்திலேயே இருக்கும்.

சொந்த கால்குலேட்டர் கொண்டுபோக முடியாது, திரையில் வருவதை மவுஸால் அழுத்த வேண்டும், இன்றைக்கே அதில் பழக ஆரம்பித்துவிட்டேன். மேனேஜரிடம் டிரையர் காற்று வெளியேறும் வாயில் வெப்பநிலை அளக்கும் தெர்மோகப்பிள் பொருத்த அனுமதி கேட்டேன், உற்பத்தி நிற்காமல் செய்தால் சரி என்றார். திங்கட்கிழமை வார ஓய்வில் துளை போடுகிறோம். அண்ணன் ஏணி பிடிக்கிறேன் என்றிருக்கிறார்.