இடிக்குப் பின் இருண்ட விளக்கு மரம்: இணைப்புகளைச் சரிசெய்த அனுபவம்

தீபாவளிக்கு ஏற்றும் வண்ண விளக்குகளைக் கிறிஸ்துமஸ் முடியும்வரை இறக்காத டெக்சஸ் தமிழ் வீடுகளில் எங்களுடையதும் ஒன்று. முன்புறப் புல்வெளியில் பிக்சல் மரமும் வளைவுகளும் (ஒவ்வொரு பல்பின் நிறத்தையும் தனித்தனியே மாற்றக்கூடிய சரங்கள்), கராஜ் கூரையோரம் டிஎம்எக்ஸ் என்னும் மேடைவிளக்குக் கட்டுப்பாட்டு முறையில் இயங்கும் ஃபிளட் விளக்குகளும் இருக்கின்றன. பாட்டுக்கேற்ற ஒளி வரிசையை எக்ஸ்லைட்ஸ் மென்பொருளில் அமைத்து ராஸ்பெர்ரி பை என்னும் குட்டிக் கணினி மூலம் ஓட்டுகிறேன். நவம்பர் கடைசியில் இடியுடன் மழை கொட்டிய மறுநாள் மாலை, மரம் அடியோடு இருண்டு கிடந்தது. கராஜ் விளக்குகளோ பாட்டுக்குச் சம்பந்தமே இல்லாமல் துடித்துக்கொண்டிருந்தன.

மரத்தைக் கட்டுப்படுத்தும் பெட்டியில் உள்ள சோதனைப் பொத்தானை அழுத்தியதும் சிவப்பு, பச்சை, நீலம் என்று வரிசையாக ஒளி ஓடியது. ஆக, மின்வழங்கி, பிக்சல் சரங்கள், பெட்டிக்குள் இருக்கும் மின்சுற்றுப் போர்டின் வெளியீட்டுப் பகுதி எல்லாமே நலம். செய்தி உள்ளே வரும் வழியில்தான் அடைப்பு. இதைப் பார்க்காமல் எடுத்த எடுப்பில் ஐபி முகவரிகளைக் குடைபவர்கள் உண்டு. ஒழுங்காக இருந்த அமைப்பும் கெட்டுப்போவதுதான் மிச்சம்.

பெட்டியின் ஈதர்நெட் (கம்பிவழி நெட்வொர்க்) சாக்கெட்டில் இணைப்பைக் காட்டும் சிறு விளக்கு எரியவில்லை. கேபிளின் மறுமுனையில், நெட்வொர்க் கேபிள்களை ஒன்றுசேர்க்கும் ஸ்விட்ச் பக்கமும் எரியவில்லை. அது எரியாதவரை பிங் செய்வது, அதாவது பதில் வருகிறதா என்று சோதனைச் செய்தி அனுப்புவது, வெறும் நேரக்கழிப்பு. வேறு கேபிள் போட்டேன், ஸ்விட்சில் வேறு துளைக்கு மாற்றினேன், மடிக்கணினியை நேரடியாகவும் இணைத்தேன். ஒன்றுக்கும் அசையவில்லை.

பூதக்கண்ணாடியில் பார்த்தபோது, சாக்கெட்டின் எட்டுத் தொடுகம்பிகளில் இரண்டின் மேல் பச்சைப் பாசிபோலச் செம்புக் களிம்பு படிந்திருந்தது. மழை ஈரம் பெட்டிக்குள் நுழைந்ததற்கு அதுவே சாட்சி. ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலும் மெல்லிய பிரஷும் கொண்டு துடைத்ததும் கம்பிகள் மஞ்சளாகப் பளிச்சிட்டன. இணைப்பு மட்டும் வரவில்லை.

100 மெகாபிட் ஈதர்நெட்டில் எட்டுக் கம்பிகளில் நான்குக்குத்தான் வேலை: 1-2 ஒரு ஜோடி, 3-6 இன்னொன்று. ஒவ்வொரு ஜோடியும் ஒரு குட்டி மின்மாற்றி வழியாகவே சிப்பை அடைகிறது. இந்தப் போர்டில் அது சாக்கெட்டின் வயிற்றுக்குள்ளேயே இருப்பதால் போர்டைக் கவிழ்த்துப் பயனில்லை. கால்களில் கிடைப்பது சிப் பக்கத்துச் சுருள் மட்டுமே. அதனால் ஒரு பழைய கேபிளை வெட்டி, தலையைச் சாக்கெட்டில் செருகி, மறுநுனிக் கம்பிகளைச் சீவி மல்டிமீட்டரை வைத்தேன். 1-2இல் ஓரிரு ஓம். 3-6இல் முடிவிலி. நன்றாக ஓடும் வளைவுப் பெட்டியில் அதே கேபிள் துண்டைச் செருகினால் இரண்டு ஜோடியிலும் ஓரிரு ஓம்தான். மரத்தின் சாக்கெட்டில் சுருள் அறுந்திருக்கிறது என்பதில் சந்தேகம் இல்லை.

புதுச் சாக்கெட் வாங்கும்போது கவனம் தேவை. வெளியே எல்லாம் ஒரே முகம். கால்களின் வரிசை மாடலுக்கு மாடல் வேறு. பழையதைக் கழற்றுவதுதான் பெரும்பாடு. உலோக உறையின் தடித்த கால்கள் சூட்டை எல்லாம் உறிஞ்சிவிடுகின்றன. குறைந்த சூட்டில் உருகும் ஈயத்தைக் கலந்து, அவசரப்படாமல் எடுத்தேன். புதியதைப் பற்றவைத்துக் கேபிளைச் செருகியதும் பச்சை விளக்கு எரிந்தது. அந்த மின்மாற்றி 1500 வோல்ட் வரை தாங்கிப் பிரித்து நிறுத்தும் வகையில் செய்யப்படுவது. அடியை அது வாங்கிக்கொண்டு சிப்பைக் காப்பாற்றியிருக்க வேண்டும்.

விளக்கு எரிந்ததோடு விட்டுவிடவில்லை. விளக்குத் தகவலை நெட்வொர்க்கில் அனுப்பும் இ1.31 நெறிமுறை, யுடிபி என்னும் அனுப்பு முறையில் போகிறது; வழியில் தொலைந்த தகவல் பொட்டலத்தை யாரும் திருப்பி அனுப்பமாட்டார்கள். ஒரு முழுப் பொட்டலம் 638 பைட், அதில் 170 பிக்சல்களின் நிறங்கள். ஒன்று தவறினால் மரத்தின் ஒரு பகுதி கண நேரம் உறைந்து நிற்கும். ஆகவே ஏறக்குறைய அதே அளவுப் பிங்கை இரவெல்லாம் ஓடவிட்டேன். ஒன்றுகூட இழப்பில்லை.

கராஜ் பெட்டியிலும் அதே வடிவச் சாக்கெட்தான், ஆனால் அதில் ஓடுவது ஈதர்நெட் அல்ல, டிஎம்எக்ஸ் பயன்படுத்தும் ஆர்எஸ்-485 என்னும் மின்குறிப்பு முறை. இந்த வகைப் பெட்டிகள் சிலவற்றில் அதே கேபிளின் சில கம்பிகளில் நேர்மின்சாரமும் வருவதுண்டு. ஸ்விட்சில் செருகினால் ஸ்விட்சுக்கு ஆபத்து. என் வீட்டில் அந்தக் கேபிள்களின் இரு நுனியிலும் சிவப்பு நாடா சுற்றியிருக்கிறேன். பெட்டிகளை ஒன்றன்பின் ஒன்றாக இணைக்கும் அந்தத் தொடரின் இரு கோடியிலும் 120 ஓம் மின்தடை இருப்பதால், மின்சாரத்தை அணைத்து இரு தகவல் கம்பிகளுக்கிடையே அளந்தால் 60 ஓம் அளவில் வர வேண்டும். வந்ததோ ஒற்றை இலக்கம். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தொடரிலிருந்து கழற்றிக்கொண்டே அளந்தேன். நடுவில் இருந்த ஒன்றைக் கழற்றியதும் மீட்டர் 60க்குத் தாவியது. அதனுள் ஆர்எஸ்-485 குறிப்பை அனுப்பிப் பெறும் எட்டுக் கால் 75176 சிப்பில், தகவல் கம்பிகள் சேரும் 6ஆம், 7ஆம் கால்கள் உள்ளுக்குள் ஒட்டிக்கொண்டிருந்தன. பற்றவைக்காமல் சிப்பைத் தாங்கியில் செருகிவைத்த மகராசனுக்கு நன்றி. புதுச் சிப்பைத் திசைகாட்டும் வெட்டுக்குறி பார்த்துப் பொருத்தியதும் துடிப்பு நின்றது. விலை ஒரு காப்பிக்கும் குறைவு.

இப்போது டிஎம்எக்ஸ் தொடரின் இரு முனையிலும் எஸ்எம்712 என்னும் பாதுகாப்பு டயோடுகளைச் சேர்த்துவருகிறேன்; அவை ஆர்எஸ்-485இன் -7 முதல் +12 வோல்ட் வரம்புக்கென்றே செய்யப்பட்டவை. மரத்துக்குப் போகும் நீண்ட செம்புக் கேபிளுக்குப் பதிலாக ஒளியிழையும் இரு மாற்றிகளும் வாங்கச் சொல்லியாயிற்று. கண்ணாடி வழியே மின்னலின் மின்னோட்டம் ஓடாது. அவை வந்து சேரும்வரை, வானிலை அறிவிப்பில் இடி என்று கண்டால் மரத்தின் கேபிளை ஸ்விட்சிலிருந்து பிடுங்கிவிடுகிறேன்.