பெரியம்மா கேட்ட பாக்கெட்

எங்க காலேஜ்ல ஃபைனல் இயர் ஷோ போன மாசம் முடிஞ்சுது. இந்த வருஷம் தலைப்பு, சமூகப் பிரச்சினைய உடுப்புல சொல்லணும். கிளாஸ்ல பாதிப் பேர் டீசர்ட்ல வாசகம் அடிச்சாங்க. பொய் சொல்லக்கூடாது, நானும் முதல்ல அதத்தான் பண்ணேன். வெள்ளை டீசர்ட், நெஞ்சுல நீலக்கலர்ல 'கடல் எங்க வீடு', கீழ ஒரு ஆமை. சூப்பரா இருக்குன்னு நானே போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வச்சேன்.

லீவுக்கு பாம்பன் வந்தப்ப ஒண்ண பெரியம்மாக்கு குடுத்தேன். பெரியம்மா முப்பது வருஷமா கடல்ல முங்கி கடல்பாசி எடுக்குறாங்க. மறுநாள் காலைல அதையே சேலைக்கு மேல மாட்டிட்டு கடலுக்குக் கிளம்பிட்டாங்க. எனக்கு பக்குன்னு ஆயிருச்சு, ஆனா எங்க கரையில எந்த டீசர்ட்டும் கடைசில போய்ச் சேருற எடம் அதுதானே. எலெக்சன்ல குடுத்தது, கிரிக்கெட் டீம் பேர் போட்டது, பெரியப்பாவோட பழைய முழுக்கை சட்டை, எல்லாமே பாசிச் சட்டைதான். சேலைய வரிஞ்சு கட்டி, மேல அத மாட்டி, கைவிரல் ஒவ்வொண்ணுக்கும் துணிய சுத்தி, கால்ல ரப்பர் செருப்பு, கண்ணுக்குக் கண்ணாடி. கழுத்தளவு தண்ணில முங்கி முங்கி எந்திரிக்கிறப்ப நெஞ்சுல எழுதினத யாரு படிக்கிறது, மீனா?

சாயங்காலம் வந்து சொன்னாங்க: "எழுத்தெல்லாம் நல்லாத்தான்டி இருக்கு. ஆனா முங்குனா சட்டை மேல ஏறி மூஞ்சிய மூடுது. கை வேற பாதிதான் இருக்கு, சொணை பட்டு அரிக்குது. ஒரு வெத்தலை பை வைக்கக் கூட பாக்கெட் இல்ல."

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அதுக்கு இன்னொரு காரணமும் இருக்கு. பிரிண்டிங் லேப்ல ரியாக்டிவ் சாயத்த கெட்டியாக்க ஒரு பவுடர் கலக்குவோம், சோடியம் அல்ஜினேட். அது இல்லன்னா சாயம் துணில ஓடிப் பரவிரும், எழுத்து எழுத்தா நிக்காது. அந்த அல்ஜினேட் எதுல இருந்து வருதுன்னா கட்டக்கோரைங்கிற கடல்பாசில இருந்து. ஆமா, பெரியம்மா பிடுங்கிட்டு வந்து ரோட்டோரமா காயப்போடுற அதே கட்டக்கோரை. மரிக்கொழுந்துப் பாசி ஜெல்லி மாதிரி உறைய வைக்கிற அகருக்குப் போகும், கட்டக்கோரை அல்ஜினேட்டுக்குப் போகும். மூணு வருஷம் கரண்டி கரண்டியா அள்ளிப் போட்டிருக்கேன், ஒரு நாள் கூட எங்க வீட்டு வாசல் ஞாபகம் வரல பாருங்க. 'கடல் எங்க வீடு'ன்னு அடிச்ச அந்த எழுத்த நிக்க வச்சதே இந்த மாதிரி யாரோ ஒரு பொம்பள பிடுங்குன பாசிதான், அவங்க போட்டுக்க ஒழுங்கா ஒரு சட்டை இல்ல.

வாசக டீசர்ட்ட மட்டம் தட்டல. 1984ல கேதரின் ஹாம்நெட்னு ஒரு டிசைனர், ஏவுகணைக்கு எதிரான வாசகம் போட்ட டீசர்ட்ட கோட்டுக்குள்ள மறைச்சு வச்சிருந்து, அப்ப பிரிட்டன் பிரதமரா இருந்த தாட்சருக்குக் கை குடுக்கிறப்ப கேமரா முன்னாடி காட்டுனாங்க, அதெல்லாம் கெத்துதான். ஆனா நம்ம பக்கம் உடுப்புச் சண்டைல வாசகமே கிடையாது. 1921 செப்டம்பர் 22ல மதுரைல காந்தி அரைத்துணிக்கு மாறினாரு, அதுல என்ன எழுதியிருந்துச்சு? திருவிதாங்கூர்ல நடந்த தோள்சீலைப் போராட்டத்துல நாடார் பொம்பளைங்க ஒரு துண்டுத் துணிய மேல போடுறதுக்கே அடி வாங்குனாங்க. கடைசில 1859ல திருவிதாங்கூர் ராஜா ஒரு உத்தரவு போட்டாரு, அத லைப்ரரில படிச்சேன். நாடார் பொம்பளைங்க ஜாக்கெட் போடலாம், இல்லன்னா முரட்டுத் துணிய முக்குவப் பொம்பளைங்க கட்டுற மாதிரி சுத்திக்கலாம், மேல்சாதிக்காரங்க மாதிரி மட்டும் போடக்கூடாதாம். முக்குவர்னா மீன்பிடிக்கிற சனம். மட்டம்னு காட்ட அவங்களுக்கு எங்க ஆளுங்க உடுப்புதான் கிடைச்சிருக்கு! அந்த வரிய ரெண்டு தடவ படிச்சேன்.

சரி, சட்டைக்கு வரேன். மொத்தம் நாலு தடவ தைச்சேன். முதல் சட்டைக்கு மெட்டல் ஜிப் வச்சேன், ஒரே வாரத்துல உப்பு ஏறி இறுகிப் போச்சு, பெரியம்மா கத்திரிக்கோலால கிழிச்சுட்டுத்தான் வெளிய வந்தாங்க. அடுத்ததுல ஒட்டுற டேப், அதுக்குள்ள மணலும் பாசித்துணுக்கும் போய் ஒட்டவே இல்ல. பருத்தி நூல்ல தைச்ச தையல் எல்லாம் இத்துப் போச்சு, அப்புறம்தான் நைலான் நூலுக்கு மாறுனேன். கடைசில வந்தது இதுதான்: சீக்கிரம் காயுற துணி, முழுக்கை, மணிக்கட்டுல இறுக்கமான பட்டி, மேல ஏறாம இருக்க தொடைக்கு நடுவுல கொண்டு வந்து மாட்டுற ஒரு நாடா, தண்ணி வடியுற மாதிரி வலைத்துணில பாக்கெட், அதுக்கு ஒரு மூடி. நாடாவப் பாத்துட்டு பக்கத்து வீட்டு அக்காங்க எல்லாம் சிரிச்ச சிரிப்பு இருக்கே.

கையுறைல மட்டும் தோத்துட்டேன். முழு விரலும் மூடுனா பாறை எது, பாசி எதுன்னு தெரியல, முள்ளு இருக்கிற எடத்துல கைய வச்சுருவாங்களாம். "விரலுக்குக் கண்ணு இருக்குடி, அதக் கட்டாத"ன்னாங்க. பழைய வேட்டி கிழிச்ச துணியத்தான் இப்பவும் சுத்துறாங்க.

ஷோல நடுவரா வந்தவரு என் சட்டைய சுத்திச் சுத்திப் பாத்துட்டு "எல்லாம் சரிம்மா, இதுல மெசேஜ் எங்க?"ன்னு கேட்டாரு. 1986ல மன்னார் வளைகுடாத் தீவெல்லாம் தேசியப் பூங்கா ஆனதுல இருந்து அந்தப் பக்கம் போகத் தடை, போனா திருடி மாதிரி விரட்டுறாங்க, இத்தனைக்கும் மாசத்துல பன்னிரண்டு நாள் மட்டும்தான் எடுக்கணும்னு இந்தப் பொம்பளைங்களே தங்களுக்குள்ள கட்டுப்பாடு போட்டிருக்காங்க, அவங்க வேலைக்காரங்க, வேலைக்குன்னு ஒரு உடுப்பு வேணும், அதான் சார் மெசேஜ்னு சொல்லணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு. பதட்டத்துல "பாக்கெட் இருக்கு சார்"னு சொல்லிட்டேன். ஹாலே சிரிச்சுது. பிரைஸ் ஆமை டீசர்ட் போட்ட இன்னொரு பொண்ணுக்குப் போச்சு (ஆமை என்னோடத விட நல்லாவே வரைஞ்சிருந்தா).

நேத்து பெரியம்மா போன் பண்ணாங்க. அடுத்து பாசி எடுக்கப் போற அமாவாசைக்கு இன்னும் ஒன்பது நாள் இருக்கு, அதுக்குள்ள ஆறு சட்டை வேணுமாம், ஒண்ணு மாசமா இருக்கிற பொண்ணுக்கு, அதுக்கு மட்டும் வயித்துல லூஸ் விட்டுத் தைக்கணுமாம். துணிக்காசு அவங்களே தருவாங்களாம். வெத்தலைப் பாக்கெட் இடது பக்கம் வேணுமாம், வலது கை எப்பவும் பாசில இருக்கும்ல.