ஆபீஸ், குடோனுக்கு செக்யூரிட்டி சிஸ்டம் போடப் போறீங்களா, கொட்டேஷன்ல கையெழுத்து போடறதுக்கு முன்னாடி இதைப் படிங்க

குடோனுக்கும் அதை ஒட்டின ஆபீஸுக்கும் சிசிடிவி, கதவுக்கு ஆக்சஸ் கன்ட்ரோல் (அனுமதி இருக்கறவங்களுக்கு மட்டும் திறக்கற பூட்டு), அலாரம் எல்லாம் புதுசா போடற பொறுப்பு என் தலையில விழுந்துச்சு. ஒருவழியா முடிஞ்சுது. ஆனா நடுவுல பட்ட கடுப்பு இன்னும் அடங்கல, அடுத்தவங்களாவது தப்பிக்கட்டும்னு எழுதறேன்.

பட்ஜெட் அப்ரூவல் எல்லாம் பிரச்சனை இல்லாம வந்துடுச்சு. வெண்டர்ங்க வர ஆரம்பிச்சப்ப தான் தலைவலி. முதல்ல வந்தவர் குடோனை சுத்திக்கூட பாக்கல, வாசல்ல நின்னுக்கிட்டே "16 கேமரா போதும் சார், எல்லாம் 4 மெகாபிக்சல், 30 நாள் ரெக்கார்டிங் நிக்கும்"னு சொல்லிட்டு கொட்டேஷன் அனுப்பிட்டார். எந்த இடத்துல என்ன தெரியணும், முகம் தெரியணுமா, ஆள் நடமாட்டம் தெரிஞ்சா போதுமா, ஒரு கேள்வி கிடையாது.

அந்த 30 நாளை மட்டும் எடுத்துக்குவோம். கொட்டேஷன்ல இருந்தது ஒரே ஒரு 8 டிபி ஹார்ட் டிஸ்க். ஒரு கேமரா நொடிக்கு 4 மெகாபிட் டேட்டா அனுப்புதுன்னு (இதுதான் பிட்ரேட்) வெச்சா ஒரு நாளைக்கு ஒரு கேமராவே கிட்டத்தட்ட 43 ஜிபி திங்கும், 16 கேமராவுக்கு 690 ஜிபி, 30 நாளைக்கு 20 டிபி தாண்டுது. 8 டிபில பதினோரு நாள் வந்தா பெருசு. இதைக் கேட்டதும் "மோஷன் ரெக்கார்டிங் போட்டுக்கலாம் சார்"ங்கறார், அதாவது ஏதாவது அசைஞ்சா மட்டும் பதிவாகும். லோடு ஏத்தி இறக்கற இடத்துல காலையில இருந்து ராத்திரி வரைக்கும் மோஷன் தானே, அதுல என்னத்த மிச்சம் பிடிக்க? அப்புறம் வீடியோவை சுருக்கி சேமிக்கற ஹெச்.265 முறை போட்டா பாதியா குறையும்னார். சரி, பாதியாவே குறையட்டும், 10 டிபி வேணுமே, டிஸ்க் 8 தானே இருக்கு! பதில் இல்ல. அதனால ஒரு கேமராவுக்கு எவ்வளவு பிட்ரேட், நொடிக்கு எத்தனை ஃப்ரேம், எத்தனை நாள்னு கொட்டேஷன்லயே எழுதி வாங்குங்க. வாய்ல சொல்றதை நம்பவே நம்பாதீங்க.

அடுத்தது டெமோ. எல்லாரும் போன்ல மத்தியான வெயில்ல எடுத்த பளிச்சுனு ஒரு வீடியோவைத்தான் காட்டறாங்க. நான் விடல, எங்க கேட்லயே ஒரு கேமராவை தற்காலிகமா மாட்டி ராத்திரி காட்டுங்கன்னு சொன்னேன். முணுமுணுத்துக்கிட்டே மாட்டினாங்க. ராத்திரி ஒரு லாரி உள்ள வந்துச்சு, ஹெட்லைட் அடிச்சதும் நம்பர் பிளேட் இருந்த இடத்துல வெறும் வெள்ளைப் பட்டை. டிரைவர் இறங்கி கேமராவுக்குக் கிட்ட வந்தார், இருட்டுல பாக்க கேமரா அடிக்கற ஐஆர் (அகச்சிவப்பு) லைட் பட்டு மூஞ்சி மாவு பூசின மாதிரி, கண்ணு மூக்கு ஒண்ணும் தெரியல. பகல் வீடியோவை நம்பி வாங்கியிருந்தா இதைத்தான் வருஷக்கணக்கா ரெக்கார்ட் பண்ணிட்டு இருந்திருப்போம்.

இதுக்கு ஒரு கணக்கு இருக்கு. சிசிடிவிக்கான ஐஇசி 62676-4ங்கற சர்வதேச ஸ்டாண்டர்டோட 2014 பதிப்புல, முன்னபின்ன தெரியாத ஆளை அடையாளம் பாக்கணும்னா ஒரு மீட்டருக்கு 250 பிக்சல் வேணும்னு போட்டிருந்தாங்க. 4 மெகாபிக்சல் கேமரா படத்தோட அகலம் 2560 பிக்சல், அப்போ சுமார் 10 மீட்டர் அகலம் வரைக்கும் தான் முகம் உருப்படியா வரும், அதுவும் நல்ல வெளிச்சத்துல. மொத்த யார்டையும் ஒரே கேமரால காட்டறேன்னு சொன்னா அதுல ஆள் தெரியும், யாருன்னு தெரியாது. கடைசில கேட்டுக்கு நம்பர் பிளேட்டுக்குன்னே ஷட்டர் ஸ்பீடு கூட்டி வெச்ச தனி கேமரா, முகத்துக்கு ஒண்ணு, கூடவே நல்லதா ஒரு ஃப்ளட்லைட். உள்ள சும்மா கிடக்கற ரெண்டு மூணு கேமராவை கழிச்சிட்டோம்.

கதவு விஷயத்துல வந்த கோவம் வேற மாதிரி. ஃபிங்கர்பிரிண்ட் போடலாம்னாங்க, மூட்டை தூக்கறவங்களுக்கு ரேகை தேஞ்சு போயிருக்கும், மெஷின் எடுக்காது, காலையில கதவுகிட்ட க்யூ நிக்கும். சரி கார்டுன்னா, கொண்டு வந்தது சுலபமா காப்பி அடிக்கக்கூடிய பழைய 125 கிலோஹெர்ட்ஸ் கார்டு. எங்க ஐடி பையன் கையடக்க காப்பியர் ஒண்ணை வெச்சு வெண்டர் கண்ணு முன்னாடியே இன்னொரு கார்டுல காப்பி அடிச்சு கதவைத் திறந்து காட்டினான். அதுக்கப்புறம் பேச்சே இல்ல! மைஃபேர் கிளாசிக்ங்கற வேற வகை கார்டு தரேன்னு அடுத்து சொன்னாங்க, அதோட பாதுகாப்பை 2008லயே உடைச்சுட்டாங்க. அதை விட பாதுகாப்பான டெஸ்ஃபயர் கார்டு தான் வேணும்னு நின்னு வாங்கினேன்.

அதை விட மோசம், பின்பக்க எமர்ஜென்சி கதவுக்கு கரண்ட் போனா பூட்டிக்கற லாக்கை, உள்ள இருந்தும் கார்டு தேய்ச்சா தான் திறக்கற மாதிரி போடப் பாத்தாங்க. தீ பிடிச்சா உள்ள இருக்கற ஆளுங்க எப்படி வெளிய வருவாங்கன்னு கேட்டா "யுபிஎஸ் இருக்கு சார்"னு பதில். அடப்பாவிகளா, யுபிஎஸ்ஸும் சேர்ந்து எரிஞ்சா? ஆள் தப்பிக்கற வழில இருக்கற கதவு கரண்ட் போனா திறந்துக்கணும், ஃபயர் அலாரம் அடிச்சா லாக்குக்குப் போற சப்ளை தானா கட் ஆகணும், பக்கத்துலயே கையால அமுக்கித் திறக்கற பச்சைப் பெட்டி இருக்கணும். பூட்டியே இருக்க வேண்டிய ஸ்டோர் ரூம்னாலும் உள்பக்கம் கைப்பிடியைத் திருப்பினா திறக்கணும். நாங்க மெயினை ஆஃப் பண்ணி, அலாரத்தை அடிக்க விட்டு, ஒவ்வொரு கதவா தள்ளிப் பாத்தோம். ஒரு கதவு திறக்கல, வயரிங் மாத்தி கொடுத்திருந்தாங்க. டெஸ்ட் பண்ணாம இருந்திருந்தா நினைக்கவே பயமா இருக்கு.

அந்த ஒரு கதவைத் தவிர இன்ஸ்டாலேஷன் நல்லாவே முடிஞ்சுது, ஒயரிங் செஞ்ச பசங்க சுத்தமா வேலை பாத்தாங்க, அவங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

ஹேண்டோவர்ல திரும்ப இழுவை. அட்மின் பாஸ்வேர்டு தர மாட்டேங்கறாங்க, "நாங்களே பாத்துக்கறோம் சார்". கேமராங்கள்ல தயாரிச்ச கம்பெனி போட்டு அனுப்பின பாஸ்வேர்டு அப்படியே கிடக்கு, அதுவும் இன்டர்நெட்ல இருந்து யாரும் கேமராவைத் தொடற மாதிரி ரவுட்டர்ல போர்ட் (நுழையற வழி) திறந்து விட்டு. 2016ல மிராய்னு ஒரு வைரஸ் இப்படி பாஸ்வேர்டு மாத்தாத கேமரா, டிவிஆர் (வீடியோவை பதிவு பண்ற பெட்டி) களுக்குள்ள தான் புகுந்து பெரிய பெரிய வெப்சைட்டையே முடக்குச்சு. பாஸ்வேர்டு கைக்கு வராம கடைசி பேமெண்ட் கிடையாதுன்னு சொல்லிட்டேன், அன்னைக்கு சாயங்காலமே வந்துடுச்சு. மொத பர்சேஸ் ஆர்டர்லயே இதை எழுதி வெச்சிருந்தது அங்க தான் கைகொடுத்துச்சு, நீங்களும் எழுதிடுங்க. பேமெண்ட் விடறதுக்கு முன்னாடி எல்லா கேமராலயும் நேரம் ஒண்ணா ஓடுதான்னு பாருங்க, பழைய தேதில ஒரு கிளிப்பை பென்டிரைவ்ல எடுத்து வேற கம்ப்யூட்டர்ல ஓடுதான்னும் பாருங்க. எங்களுக்கு முதல் தடவை ஓடல, அவங்களோட பிளேயர் சாஃப்ட்வேர் தனியா வேணுமாம், அதையும் கேட்டு வாங்கின பிறகு தான் செக் கொடுத்தேன்.